பழைய மானிட்டரின் பவர் சப்ளை: பழுதைத் தேடிப் பிடிக்கும் வரிசை

பவர் பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லை. அல்லது உள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. அல்லது பத்து நிமிடம் முரண்டு பிடித்துவிட்டு, பிறகு எதுவுமே நடக்காததுபோல் படம் வந்து நிற்கிறது. பழைய மானிட்டரில் இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் முதல் சந்தேகம் பவர் சப்ளை மேல்தான் விழ வேண்டும். பிக்சர் டியூப் மானிட்டருக்கும், டியூப் விளக்கைப் பின்னால் வைத்து வந்த முதல் தலைமுறை எல்சிடி மானிட்டருக்கும் இது பொருந்தும். இரண்டிலும் இருப்பது எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்டை மிக வேகமாகத் திறந்து மூடி வோல்டேஜை மாற்றும் சப்ளைதான்; அளவுதான் வேறு.

இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஃபியூஸ் போயிருக்கிறது என்று பார்த்தவுடன் புதிய ஃபியூஸ் போட்டு ஆன் செய்து பார்ப்பது. ஃபியூஸ் தானாகப் போவது அரிது. யாரோ அதைப் போக வைத்திருக்கிறார்கள். அந்த ஆளைப் பிடிக்காமல் கரண்ட் கொடுத்தால் இரண்டாவது ஃபியூஸோடு மாஸ்ஃபெட்டும் (கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) அதை இயக்கும் கன்ட்ரோல் ஐசியும் சேர்ந்து போகும். ஆகவே கரண்ட் இல்லாமல் பார்க்க முடிந்ததையெல்லாம் முதலில் பார்த்து முடித்துவிடுங்கள். பிறகு பல்பு வழியாகக் கரண்ட் கொடுங்கள். நேரடிக் கரண்ட் கடைசியில்தான்.

கை வைக்கும் முன்

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மானிட்டருக்குள் இரண்டு இடங்களில் கரண்ட் தேங்கி நிற்கும்.

முதலாவது பிக்சர் டியூப். டியூபின் மேல் ரப்பர் தொப்பிக்குக் கீழே இருக்கும் ஆனோடில் 20,000 முதல் 25,000 வோல்ட் வரை வேலை செய்கிறது. பெரிய திரைகளில் இன்னும் சற்று அதிகம். டியூபின் கண்ணாடியே ஒரு கெபாசிட்டர்போல அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள நீளமான ஸ்க்ரூடிரைவரில் ஒரு ஒயரின் ஒரு முனையைக் கட்டுங்கள். மறுமுனையை டியூபின் பின்புறக் கறுப்புப் பூச்சின் மேல் ஓடும் பின்னல் கம்பியில் கிளிப் செய்யுங்கள். போர்டில் உள்ள ஏதாவது ஒரு கிரவுண்டில் கிளிப் செய்தால் அந்த வோல்டேஜ் சிறிய ஐசிகள் வழியாக ஓடி அவற்றைக் கொன்றுவிடும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ரப்பர் தொப்பிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து உலோகக் கொக்கியைத் தொடுங்கள். "பட்" என்று ஒரு சத்தம் வரலாம், வராமலும் போகலாம். சில நிமிடம் கழித்து மறுபடியும் ஒருமுறை தொடுங்கள். கண்ணாடியில் ஊறிப்போன சார்ஜ் மெல்ல மேலே வரும் பழக்கம் உடையது.

இரண்டாவது, மெயின் கெபாசிட்டர். 230 வோல்ட் மின்சாரம் பிரிட்ஜை (ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடுகள்) தாண்டியதும் சுமார் 325 வோல்ட் டிசி ஆகிறது. 120 வோல்ட் உள்ள இடங்களில் சுமார் 170. நடுத்தர மானிட்டரில் இந்த கெபாசிட்டர் 220 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்ற அளவில் இருக்கும். 325 வோல்ட்டில் அதற்குள் நிற்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 11.6 ஜூல். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து இறக்கக் கூடாது. கால் உருகும், தீப்பொறி கண்ணில் தெறிக்கும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரை இரண்டு கால்களுக்கும் இடையே பத்து விநாடி பிடித்தால் போதும். பிறகு மீட்டரை வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: ஓடிக்கொண்டிருந்த சப்ளையில், பிளக்கை எடுத்ததும் இந்த கெபாசிட்டர் சில விநாடிகளில் தானாகவே பெருமளவு காலியாகிவிடும். செத்துப்போன சப்ளையில்தான் அது நிரம்பியபடி நிற்கும். ஸ்விட்சிங் நடக்காததால் அதைக் குடிக்க ஆளில்லை. "ஒன்றும் ஓடவில்லையே" என்று அலட்சியமாகக் கை வைக்கும் மானிட்டர்தான் அதிகமாக அடிக்கும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு மெயின்ஸ் வரும் பக்கம் ஹாட் கிரவுண்டு, வோல்டேஜ் வெளியே போகும் பக்கம் கோல்ட் கிரவுண்டு. ஹாட் பக்கத்தில் அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனை மெயின் கெபாசிட்டரின் நெகட்டிவில் இருக்க வேண்டும். கோல்ட் பக்கத்தில் அளக்கும்போது வெளி உலோகக் கூட்டில். இதை மாற்றி வைத்து அளந்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஆஸிலோஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஹாட் பக்கத்தில் மாட்டினால், அந்தக் கிளிப் வழியாகவே ஷார்ட் ஆகிவிடும்.

பல்பு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்

சீரிஸ் லேம்ப் இந்த வேலைக்கு மல்டிமீட்டருக்கு அடுத்த முக்கியமான கருவி. மெயின்ஸின் ஃபேஸ் ஒயரில் வரிசையாக ஒரு ஹோல்டரை இணைத்து இழை பல்பு ஒன்றைப் போடுங்கள். எல்இடி பல்போ சிஎஃப்எல்லோ இதற்கு உதவாது. குளிர்ந்திருக்கும்போது குறைவாகவும் சூடானால் அதிகமாகவும் தடுக்கும் இழையின் குணம்தான் நமக்கு வேண்டும். எல்சிடி மானிட்டருக்கு 60 வாட், 14 அல்லது 15 அங்குல பிக்சர் டியூப் மானிட்டருக்கு 100 வாட், அதைவிடப் பெரியதற்கு 150 அல்லது 200 வாட்.

பிக்சர் டியூப் மானிட்டர் என்றால் அதற்கு முன் டீகாஸ் காயிலின் (டியூபில் சேரும் காந்தத்தை நீக்கும் சுருள்) கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். ஆன் செய்த கணத்தில் டீகாஸ் காயில் மிகப் பெரிய கரண்டை இழுக்கும். பல்பு முழுசாக எரியும்; நல்ல சப்ளையையும் ஷார்ட் என்று நினைத்து மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆன் செய்ததும் பல்பு ஒருமுறை பளிச்சென்று மின்னி, மங்கி அல்லது அணைந்து நின்றால் ஹாட் பக்கத்தில் ஷார்ட் இல்லை. மின்னியது மெயின் கெபாசிட்டர் நிரம்பியதால். முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உடனே அணையுங்கள். பிரிட்ஜ், கெபாசிட்டர், மாஸ்ஃபெட் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று ஷார்ட். மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கினால், ஒன்று சப்ளை தன்னைத்தானே நிறுத்தி நிறுத்தித் தொடங்குகிறது, அல்லது பல்பின் வாட் போதவில்லை. அடுத்த அளவு பல்பைப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஒரு தடவைகூட மின்னவில்லை என்றால் கரண்ட் மெயின் கெபாசிட்டர் வரைக்கும் போகவே இல்லை.

கண்ணால் பிடிபடும் பழுதுகள்

போர்டை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் கால்கள், ஃப்ளைபேக் (பிக்சர் டியூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) கால்கள், ஹீட்சிங்க் ஊன்றிய இடங்கள், பவர் சாக்கெட், ஸ்விட்ச், பெரிய கனெக்டர்கள். இங்கெல்லாம் காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். சூடாகி, ஆறி, சூடாகி, ஆறிப் பல வருடம் ஓடியதில் ஈயம் காலைவிட்டுப் பிரிந்த இடம் அது. நேராகப் பார்த்தால் தெரியாது. போர்டைச் சாய்த்தால் ஒளி அந்த வளையத்தில் உடைந்து தெரியும். சந்தேகம் இருந்தால் மேல்பக்கத்தில் அந்தப் பாகத்தை மரக்குச்சியால் மெல்ல ஆட்டுங்கள். கீழே கால் தனியாக அசைந்தால் முடிவாயிற்று. பழைய ஈயத்தின் மேலேயே புதிய ஈயத்தைப் பூசி விடாமல், பழையதை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஃப்ளக்ஸ் போட்டுப் புதிதாகப் பற்ற வையுங்கள். தட்டினால் வேலை செய்யும் மானிட்டர், குளிர்காலத்தில் மட்டும் மக்கர் செய்யும் மானிட்டர் இரண்டிலும் இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

மேல்பக்கத்தில் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். லேசாகப் புடைத்திருந்தாலும் அது போய்விட்டது. பெரிய பாகங்கள் ஆடாமலிருக்கத் தொழிற்சாலையில் ஊற்றிய பசையையும் பாருங்கள். புதிதில் வெளிர் மஞ்சளாக இருந்த பசை, வருடக்கணக்கில் சூட்டில் வெந்து பழுப்பாகியிருந்தால் அது கரண்டைக் கடத்தும், பாகங்களின் கால்களையும் அரிக்கும். ஹாட் பக்கத்தில் 300 வோல்ட் தடத்துக்கும் ஐசியின் காலுக்கும் இடையே இந்தப் பசை பரவியிருந்து, எந்தப் பாகமும் கெடாமலேயே சப்ளை செத்துக் கிடக்கும். மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, அதற்கடியில் இருந்த டையோடு, ரெசிஸ்டர்களின் கால்கள் அரித்துப் பச்சையாகி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபியூஸ் போயிருந்தால்

ஃபியூஸின் கண்ணாடி உள்ளே கறுத்து, வெள்ளிபோலப் பூசியிருந்தால் அது கடுமையான ஷார்ட். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால் மெல்ல வந்த அதிக லோடு அல்லது வெறும் முதுமை. இந்த ஒரு பார்வையே வேலையின் அளவைச் சொல்லிவிடும்.

மெயின் கெபாசிட்டரை இறக்கிவிட்டு, அதன் இரு கால்களுக்கும் இடையே ஓம் அளவில் பாருங்கள். எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால் நல்லது. மீட்டர் அந்த கெபாசிட்டரைச் சார்ஜ் செய்கிறது. சுழியத்தருகே நின்றால் ஷார்ட். முதலில் மாஸ்ஃபெட்டைக் கழற்றிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஷார்ட் மறைந்துவிடும். மறையவில்லை என்றால் பிரிட்ஜின் நான்கு டையோடுகளையும் டையோடு ரேஞ்சில் பாருங்கள். ஒருபுறம் 0.5 முதல் 0.6 வோல்ட், மறுபுறம் ஒன்றும் காட்டக் கூடாது.

மெயின் கெபாசிட்டரில் ஷார்ட் இல்லாமலேயே ஃபியூஸ் போனால், பிரிட்ஜுக்கு முன்னால் தேடுங்கள். பிக்சர் டியூப் மானிட்டரில் அங்கே இருக்கும் முக்கியக் குற்றவாளி டீகாஸ் பாசிஸ்டர், அதாவது இரண்டு அல்லது மூன்று கால் உள்ள சின்னக் கறுப்புப் பெட்டி. கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே இருக்கும் வில்லை உடைந்திருந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். அதைக் கழற்றிவிட்டாலும் மானிட்டர் ஓடும், திரையில் நிறத்திட்டுகள் மட்டும் மெல்லச் சேரும். ஆகவே மற்றதைச் சரிபார்க்கும் வரை அதை வெளியே வைத்திருக்கலாம். மின்னல் அல்லது அதிக வோல்டேஜ் வந்த பிறகு செத்த மானிட்டர் என்றால், இன்புட்டில் குறுக்கே நிற்கும் வட்ட வேரிஸ்டர் (அதிக வோல்டேஜைத் தான் வாங்கிக்கொள்ளும் பாகம்) வெடித்திருக்கும்.

மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு ஆன் செய்யாதீர்கள். டிரெயினும் கேட்டும் உள்ளே ஒட்டிக்கொண்ட கணத்தில் 325 வோல்ட் கேட் வழியாகத் திரும்பி ஐசிக்குள் பாய்ந்திருக்கும். அதனால் கேட் ரெசிஸ்டர் (பொதுவாக 10 முதல் 47 ஓம்), கேட்டில் ஜீனர் டையோடு இருந்தால் அது, சோர்ஸ் காலுக்குக் கீழே கரண்டை அளக்கும் ரெசிஸ்டர், கன்ட்ரோல் ஐசி என எல்லாவற்றையும் ஒரு கூட்டமாகவே பார்க்க வேண்டும். சோர்ஸ் ரெசிஸ்டர் 0.22, 0.33, 0.47 ஓம் என்ற மாதிரி இருக்கும். சாதாரண மீட்டரின் முனை ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் உண்டு என்பதை மறக்காதீர்கள். முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்த ரெசிஸ்டர் ஓப்பன் ஆகியிருந்தால் ஐசியும் போயிருக்க வாய்ப்பு அதிகம்; சந்தேகத்துக்கு இடம் தராமல் மாற்றிவிடுங்கள்.

ஃபியூஸ் நல்லது, ஆனால் உயிரில்லை

மெயின் கெபாசிட்டரில் 325 வோல்ட் இருக்கிறது, கோல்ட் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இந்த நிலைமைதான் கற்றுக்கொள்ள மிகவும் ஏற்றது, ஏனென்றால் வழி நேராக இருக்கிறது.

அந்தக் கால மானிட்டர்களில் பரவலாக இருந்த யூசி3842 ஐசியை எடுத்துக்கொள்வோம். மற்ற ஐசிகளின் கால் எண்கள் மாறினாலும் தத்துவம் இதுவே. 7ஆம் கால் சப்ளை, 5ஆம் கால் கிரவுண்டு, 8ஆம் கால் ஐசி தானே உண்டாக்கும் 5 வோல்ட், 4ஆம் கால் ஆஸிலேட்டர், 6ஆம் கால் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்குப் போகும் அவுட்புட், 3ஆம் கால் கரண்டை உணரும் கால். 7ஆம் காலில் 16 வோல்ட் வந்தால்தான் இந்த ஐசி எழும். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தூங்கிவிடும்.

அந்த 16 வோல்ட்டை முதலில் தருவது 325 வோல்ட்டிலிருந்து வரும் ஸ்டார்ட் அப் ரெசிஸ்டர். எழுந்த பிறகு டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள தனிச் சுற்று ஒன்று டையோடு வழியாக ஐசிக்குச் சோறு போடும். இப்போது 7ஆம் காலில் மீட்டரை வையுங்கள்.

சுழியம் என்றால் ஸ்டார்ட் அப் ரெசிஸ்டர் ஓப்பன். இது அடிக்கடி வரும் பழுது. அதற்குக் காரணமும் உண்டு: சாதாரண கால் வாட் கார்பன் ரெசிஸ்டர் தாங்கும் வோல்டேஜ் 250தான். வாட் கணக்குப்படி அது போதும் என்றாலும் 325 வோல்ட்டை வருடக்கணக்கில் தாங்க முடியாமல் மதிப்பு ஏறி ஏறிக் கடைசியில் அறுந்துவிடும். நல்ல வடிவமைப்பில் இரண்டு ரெசிஸ்டர்களை வரிசையாகப் போட்டு வோல்டேஜைப் பிரித்திருப்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் நீங்கள் மாற்றும்போது பாதி மதிப்புள்ள இரண்டை, அரை வாட்டில், வரிசையாகப் போடுங்கள். மறுபடி அது போகாது.

நாலைந்து வோல்ட்டில் அசையாமல் நின்றால் வரும் கரண்டை ஏதோ ஒன்று குடித்துக்கொண்டிருக்கிறது. ஐசியைக் கழற்றிப் பாருங்கள். வோல்டேஜ் மேலே பாய்ந்தால் ஐசி போய்விட்டது, பாயவில்லை என்றால் அந்தக் காலில் உள்ள கெபாசிட்டர் அல்லது ஜீனர் லீக். ஐசி இல்லாத நிலையில் அந்த கெபாசிட்டரின் வோல்டேஜ் அதன் தாங்கும் அளவைத் தாண்டிப் போகும். ஒரு கணம் பார்த்துவிட்டு உடனே அணைத்துவிடுங்கள்.

10க்கும் 16க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ஐசி எழுகிறது, ஆனால் அடுத்த வேளைச் சோறு வரவில்லை. 7ஆம் காலின் கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம், டையோடு ஓப்பன் ஆகியிருக்கலாம், இல்லையென்றால் கோல்ட் பக்கம் ஏதோ ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மரின் வோல்டேஜையே இழுத்து விழுத்துகிறது.

மெயின்ஸ் கரண்டே இல்லாமல் ஐசியைச் சோதிக்கும் வழி ஒன்று உண்டு; பலர் பயன்படுத்துவதில்லை. பிளக்கை எடுத்து, மெயின் கெபாசிட்டரைக் காலி செய்துவிட்டு, வெளி சப்ளையிலிருந்து 17 அல்லது 18 வோல்ட்டை 7க்கும் 5க்கும் கொடுங்கள். கரண்ட் வரம்பை 50 மில்லி ஆம்பியரில் வையுங்கள். 8ஆம் காலில் 5 வோல்ட் வர வேண்டும். 4ஆம் காலில் ஸ்கோப்பில் ரம்பப் பல் அலை தெரிய வேண்டும். 6ஆம் காலில் சதுர அலை வர வேண்டும். ஸ்கோப் இல்லையென்றால் மீட்டரில் சில வோல்ட் காட்டும். 12 வோல்ட் அடாப்டரை வைத்து இதைச் செய்து பார்த்து "ஐசி போச்சு" என்று தூக்கிப் போட வேண்டாம். 16ஐத் தாண்டாமல் அது எழவே எழாது.

டிக், டிக் சத்தம்

சப்ளை எழுந்து, லோடில் ஏதோ தவறாக இருப்பதை உணர்ந்து, நின்று, மீண்டும் எழும் சத்தம் இது. ஹாட் பக்கம் ஓரளவு நலமாக இருக்கிறது என்று சொல்லும் நல்ல அடையாளம்.

கரண்டை எடுத்துவிட்டு, கோல்ட் பக்கத்தில் ஒவ்வொரு ரெக்டிஃபயர் டையோடின் அவுட்புட் கெபாசிட்டரிலும் ஓம் அளந்து வாருங்கள். ஒன்று மட்டும் சில ஓமில் நின்றால் அந்த லைன்தான். முதலில் அந்த டையோடையே ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள். போர்டில் இருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் சுற்று குறுக்கே இருப்பதால், இரட்டை டையோடுகள் ஷார்ட் ஆனதுபோலவே காட்டும். ஷாட்கி டையோடு நல்ல நிலையில் 0.15 முதல் 0.3 வோல்ட் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பிக்சர் டியூப் மானிட்டரில் அடுத்து பார்க்க வேண்டியது ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர், அதாவது ஃப்ளைபேக்கை ஓட்டும் டிரான்சிஸ்டர். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரு திசையிலும் சுழியத்தருகே காட்டினால் அது ஷார்ட். ஒரு திசையில் மட்டும் டையோடுபோலக் காட்டினால் அது உள்ளேயே இருக்கும் டேம்பர் டையோடு; நல்லதுதான். சில வகைகளில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே உள்ளேயே சிறு ரெசிஸ்டர் இருக்கும். அதையும் பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

அந்த டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு, பி பிளஸ் லைனுக்கும் (அந்த டிரான்சிஸ்டருக்கு வரும் முக்கிய வோல்டேஜ் லைன்) கோல்ட் கிரவுண்டுக்கும் இடையே 60 வாட் பல்பு ஒன்றை லோடாகப் போட்டு ஆன் செய்யுங்கள். டிக் சத்தம் நின்று வோல்டேஜ் நிலையாக வந்தால் சப்ளை நலம். பழுது அந்த டிரான்சிஸ்டரிலோ ஃப்ளைபேக்கிலோ இருக்கிறது. ஃப்ளைபேக்கை மாற்றாமல் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால், சில விநாடியில் அது தொட முடியாத சூடாகிப் போய்விடக்கூடும். சீரிஸ் லேம்ப் வழியாகவே முதலில் பாருங்கள். பல்பு லோடு போட்டும் டிக் நிற்கவில்லை என்றால் மற்ற லைன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள்.

வோல்டேஜ் அதிகமாக வந்தால்

குறைவாக வருவதைவிட இது ஆபத்து. பி பிளஸ் ஏறினால் டிரான்சிஸ்டர், ஃப்ளைபேக் எல்லாமே வரிசையாகப் போகும். ஹாட் பக்கச் சுற்றிலிருந்தே வோல்டேஜை உணர்ந்து கட்டுப்படுத்தும் பழைய வடிவமைப்புகளில், அந்தச் சுற்றின் சின்ன கெபாசிட்டர் காய்ந்துவிட்டால் ஐசிக்கு வோல்டேஜ் குறைவாக இருப்பதாகத் தோன்றும். அதை ஏற்ற ஏற்ற அவுட்புட் எகிறும். டிரான்சிஸ்டர் அடிக்கடி போகும் மானிட்டரில் அந்த ஒரு சின்ன கெபாசிட்டரை முதலில் மாற்றுங்கள்.

டிஎல்431ஐயும் (அவுட்புட்டை அளந்து ஒப்பிடும் மூன்று கால் ஐசி) ஆப்டோகப்ளரையும் (அந்தத் தகவலை ஒளி வழியாக ஹாட் பக்கம் அனுப்பும் பாகம்) வைத்துக் கட்டுப்படுத்தும் சப்ளை என்றால், டிஎல்431இன் ரெஃபரன்ஸ் காலில் ஒரே ஒரு அளவு போதும். அவுட்புட் அதிகமாக இருந்தும் அந்தக் காலில் சரியாக 2.5 வோல்ட் இருந்தால், கட்டுப்பாடு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அதற்குப் போகும் தகவல்தான் பொய். மேலிருந்து அந்தக் காலுக்கு வரும் ரெசிஸ்டரின் மதிப்பு ஏறியிருக்கும். 2.5ஐத் தாண்டியிருந்தால் தகவல் சரி, சொல்வதைக் கேட்கத்தான் ஆளில்லை. டிஎல்431, ஆப்டோகப்ளர், அதற்குப் பிறகு ஐசிக்குப் போகும் தடம் என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

கெபாசிட்டர்: பாதிப் பழுது இங்கேதான்

மானிட்டர் ஆன் ஆக நேரமாகிறது, எல்இடி மினுக்குகிறது, சூடானபின் சரியாகிறது. இந்த அடையாளம் தெரிந்தால் கோல்ட் பக்க எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களை நேராகப் பாருங்கள். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்ததும் அதன் உள்தடை, அதாவது இஎஸ்ஆர் ஏறுகிறது. சூடானால் அந்தத் தடை இறங்குகிறது. அதனால்தான் பத்து நிமிடம் கழித்துப் படம் வருகிறது. இதை உறுதி செய்ய, தலைமுடி உலர்த்தியால் கெபாசிட்டர்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கிப் பாருங்கள். எதைச் சூடாக்கியதும் மானிட்டர் எழுகிறதோ அதுதான்.

2000களின் தொடக்கத்தில் வந்த எல்சிடி மானிட்டர்களில் இது கொள்ளைநோய்போல வந்தது. தண்ணீர் அதிகம் கலந்த தரமற்ற எலக்ட்ரோலைட், உள்ளே ஹைட்ரஜனை உண்டாக்கிக் கெபாசிட்டரின் தலையைப் புடைக்க வைத்தது. ஆனால் தலை புடைக்காத கெபாசிட்டர் நல்லது என்று அர்த்தமில்லை. மதிப்பு அளக்கும் சாதாரண மீட்டரில் 1000க்கு 900 காட்டும் கெபாசிட்டரின் இஎஸ்ஆர் பத்து மடங்கு ஏறியிருக்கலாம். 100 கிலோஹெர்ட்ஸில் அளக்கும் இஎஸ்ஆர் மீட்டரில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் 0.1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். அது அரை ஓம் காட்டினால் தயங்காமல் தூக்கிவிடுங்கள்.

கண்ணில் படாமல் தப்பிப்பது ஹாட் பக்கத்தில், ஹீட்சிங்கை ஒட்டி நிற்கும் 22, 47 அல்லது 100 மைக்ரோஃபாரட் சின்ன கெபாசிட்டர். பெரிய கெபாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றியும் எழாத சப்ளை, இந்த ஒன்றை மாற்றியதும் எழும். கோல்ட் பக்கத்தைத் திறந்தாலே இதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

மாற்றும்போது 105 டிகிரி, குறைந்த இஎஸ்ஆர் வகை வாங்குங்கள். வோல்ட் அதே அளவோ அடுத்த படியோ இருக்கலாம், குறையக் கூடாது. மைக்ரோஃபாரட் அதே அளவு அல்லது சற்று அதிகம். விட்டத்தையும் கால் இடைவெளியையும் அளந்துகொண்டு போங்கள். எல்சிடி மானிட்டரில் உயரமான கெபாசிட்டர் போட்டால் மூடி பொருந்தாது. கழற்றும் முன் போர்டைப் படம் எடுத்து வையுங்கள். நெகட்டிவ் பக்கத்தை எல்லாப் போர்டுகளிலும் ஒரே மாதிரி குறிப்பதில்லை.

மெயின் கெபாசிட்டர் காய்ந்தால் அடையாளம் வேறு. பிக்சர் டியூப் மானிட்டரில் படத்தின் ஓரங்கள் பாம்புபோல் நெளியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 60 ஹெர்ட்ஸ் ரெஃப்ரெஷ் வைத்தால் அந்த நெளிவு நிற்காமல் ஓடும். ரெஃப்ரெஷ் அளவை மாற்றியதும் நெளியும் வேகமும் மாறினால் காரணம் மெயின்ஸ் ரிப்பிள்தான். அருகில் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எதுவும் இல்லை என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்சிடியில் ஒரு குழப்பம்

எல்சிடி போர்டில் பொதுவாக 5 வோல்ட் லைன் ஒன்றும், 12 முதல் 19 வோல்ட்டுக்குள் இன்னொரு லைனும் வெளிவரும். கனெக்டரின் அருகிலேயே அச்சிட்டிருப்பார்கள். அளந்து பாருங்கள். பிறகு மீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்தும் பாருங்கள்; சில நூறு மில்லிவோல்ட் காட்டினால் ஃபில்டர் கெபாசிட்டர் போதவில்லை.

படம் இரண்டு விநாடி வந்து இருண்டு போனால் அது பெரும்பாலும் பவர் சப்ளை இல்லை. இருட்டில் திரைமேல் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பொதுவாக விளக்கோ, அதற்கு உயர் வோல்டேஜ் தரும் இன்வெர்ட்டரோதான் பழுது. ஆனால் இன்வெர்ட்டருக்குப் போகும் 12 வோல்ட் லைனின் கெபாசிட்டர் தளர்ந்தாலும் இதே மாதிரிதான் இருளும். விளக்கு எரிய முயலும் கணத்தில் மீட்டரில் அந்த லைனைப் பாருங்கள். 12லிருந்து 8, 9க்கு விழுந்தால் விளக்கை விட்டுவிட்டுச் சப்ளைக்குத் திரும்புங்கள். விழாமல் நின்றால் இன்வெர்ட்டர் பக்கம் போங்கள். அங்கே அரிசி அளவில் சிறு ஃபியூஸ் ஒன்று இருக்கும், அதையும் சோதியுங்கள்.

பாகம் மாற்றும்போது

கோல்ட் பக்க டையோடு போன இடத்தில் கையில் இருக்கிறது என்று 1என்4007ஐப் போடாதீர்கள். அது 50 ஹெர்ட்ஸுக்கான டையோடு. பல்லாயிரம் ஹெர்ட்ஸில் அது திரும்பி அடைக்க நேரம் எடுக்கும். அந்த நேரமெல்லாம் கரண்ட் பின்னோக்கி ஓடி அது வெந்துவிடும். யூஎஃப்4007, எஃப்ஆர்107 போன்ற வேகமான வகையே வேண்டும். ஷாட்கி இருந்த இடத்தில் ஷாட்கியேதான்.

வட்டமாக, நீலமாக, ஹாட் பக்கத்துக்கும் கோல்ட் பக்கத்துக்கும் பாலமாக நிற்கும் ஒய் கெபாசிட்டரில் விளையாட்டு கூடாது. அந்த இடத்தில் சாதாரண செராமிக் போட்டு அது ஷார்ட் ஆனால், மானிட்டரின் உலோகக் கூட்டிலேயே மெயின்ஸ் கரண்ட் வரும். ஃபியூஸும் அதே ஆம்பியர், அதே வகை: முன்னால் டி என்று போட்டிருந்தால் மெதுவாக உருகும் வகை. மாஸ்ஃபெட்டுக்கு அடியில் இருந்த மைக்கா தாளைத் திரும்பப் போட மறக்காதீர்கள். போட்ட பிறகு டிரெயினுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே ஓம் அளந்து, ஒட்டவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் சீரிஸ் லேம்ப்போடு ஒருமுறை ஆன் செய்து, ஒவ்வொரு லைனின் வோல்டேஜையும் எழுதிக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் பல்பை நீக்கி நேரடியாகக் கொடுத்து, திரும்ப அளந்து ஒப்பிடுங்கள். பத்து நிமிடம் ஓடியதும் அணைத்து, பிளக்கை எடுத்து, மெயின் கெபாசிட்டரை இறக்கிய பிறகே மாஸ்ஃபெட், கோல்ட் பக்க டையோடுகள், டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். விரலை இரண்டு விநாடிகூட வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் அந்த லைனில் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. நான்கு மணி நேரமாவது தொடர்ந்து ஓடவிட்டு, ஓர் இரவு முழுதும் குளிரவிட்டு, காலையில் முதல் அழுத்தலிலேயே எழுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு டீகாஸ் கனெக்டரைத் திரும்ப மாட்டி மூடியைப் போடலாம்.